நகரப் பொருளாதார மேம்பாட்டு ஆணையம்: நடத்துபவர்கள் சறுக்கும் இடங்கள்

நகரத்துக்கு ஏற்கனவே ஒரு மன்றம் இருக்கும்போது பொருளாதார மேம்பாட்டுக்கென்று இன்னொரு ஆணையம் எதற்கு? வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடமே இதைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தடுமாறுவார்கள். நிலம் வாங்கி விற்பது, தொழிலுக்குக் கடன் கொடுப்பது, கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுவது, ஒரு கம்பெனியோடு மாதக்கணக்கில் பேரம் பேசுவது ஆகிய வேலைகளைக் குப்பை அள்ளுவதற்கும் சாலை போடுவதற்கும் ஏற்பட்ட நிர்வாகத்துக்குள் திணித்தால் இரண்டுமே கெடும். அதனால் தனிப் பெயர், தனி வாரியம், தனிக் கணக்கு என்று ஒரு சட்ட அமைப்பை உருவாக்க அமெரிக்காவில் பல மாநிலங்களின் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. ஆக, அமைப்பு தனி, பணம் மட்டும் பொதுப் பணம்.

நான் பார்த்தவரை தவறுகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால்தான் வருகின்றன. தனி அமைப்பு என்பதை மறந்தவர்கள் அதை நகர மன்றத்தின் பின்னறையாக்கி விடுகிறார்கள். பொதுப் பணம் என்பதை மறந்தவர்கள் சொந்தக் கம்பெனி போல நடத்துகிறார்கள்.

முதல் தவறு, ஆணையத்தை உருவாக்கிய தீர்மானத்தை யாரும் படிக்காமல் இருப்பது. மாநிலச் சட்டம் கொடுக்கும் அதிகாரம் முழுவதும் உங்கள் ஆணையத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மினசோட்டாவை எடுத்துக்கொண்டால், அங்கே மாநிலச் சட்டத்தின் 469ஆம் அத்தியாயத்தின் கீழ் நகரங்கள் இப்படி ஓர் ஆணையத்தை அமைக்கலாம், ஆனால் அமைக்கும் தீர்மானத்திலேயே நகர மன்றம் கடிவாளமும் போட்டுவிடலாம்: பத்திரம் வெளியிட மன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும், பட்ஜெட் நகரத்தின் பட்ஜெட் முறைப்படிதான் போக வேண்டும் என்பது போல. பதினைந்து வருடத்துக்கு முன்னால் போட்ட தீர்மானம் ஏதோ ஒரு கோப்பில் தூங்கும், புதிதாக வந்த வாரியம் தனக்கு இல்லாத அதிகாரத்தில் ஒப்பந்தம் போடும். வக்கீல் கண்டுபிடிக்கும் வரை எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். புது உறுப்பினர் கையில் முதல் நாளே கொடுக்க வேண்டிய காகிதங்கள் மூன்றுதான்: அந்தத் தீர்மானம், ஆணையத்தின் உள்விதிகள், கடைசி ஆடிட் அறிக்கை.

அடுத்தது தொப்பி மாற்றும் பிரச்சினை. சின்ன நகரங்களில் நகர மன்ற உறுப்பினர்களே ஆணையத்தின் வாரியமாகவும் இருப்பார்கள். மினசோட்டாச் சட்டம் மூன்று, ஐந்து அல்லது ஏழு பேர் என்கிறது, ஆறு வருடப் பதவிக்காலம் என்கிறது, மன்ற உறுப்பினர்களையே நியமிக்கவும் அனுமதிக்கிறது. அதில் தவறில்லை, ஆள் கிடைக்காத ஊரில் வேறு வழியும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், ஆறு மணிக்கு மன்றக் கூட்டம் நடக்கும், ஏழு மணிக்கு அதே மேசையில் அதே ஐந்து பேர் ஆணையமாகி விடுவார்கள், நடுவில் ஒரு கூட்டத்தை முடித்து இன்னொன்றைத் தொடங்கியதாக எங்கும் பதிவே இருக்காது. நிலத்தை விற்கத் தீர்மானித்தது மன்றமா ஆணையமா? கூட்டக் குறிப்பைப் பார்த்தால் தெரியாது. நிலம் எந்த அமைப்பின் பெயரில் இருக்கிறதோ அந்த அமைப்பு முறையாகக் கூடி, அதற்கான கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருந்து, அதன் பெயரில் தீர்மானம் போட்டிருந்தால்தான் அந்த விற்பனை நிற்கும். தனி நிகழ்ச்சி நிரல், தனி வருகைப் பதிவு, தனிக் கூட்டக் குறிப்பு எல்லாம் சம்பிரதாயம் மாதிரித் தெரியும், வழக்கு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பணத்திலும் இதே குழப்பம்தான். ஆணையத்தின் செலவை நகரத்தின் பொதுநிதியிலிருந்து கொடுத்துவிட்டு 'அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்று விடுவார்கள். நகரம் ஆணையத்துக்குக் கடன் கொடுத்தால் அதற்கும் தீர்மானம், வட்டி, திருப்பித் தரும் கால அட்டவணை வேண்டும். இல்லாவிட்டால் நாலு வருடம் கழித்து அது கடனா மானியமா என்று ஆடிட்டர் கேட்பார், பதில் சொல்ல வேண்டிய ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார்.

வாரியமும் செயல் இயக்குநரும் இடம் மாறி உட்காருவது இன்னொரு வகை. இதில் இரண்டு பக்கமும் உண்டு. வாரிய உறுப்பினர் ஒருவர் நேராகக் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு "நிலத்தை இந்த விலைக்குத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார், இயக்குநருக்கு அது பிறகுதான் தெரியும். இது ஒரு பக்கம். மறுபக்கம், இயக்குநர் எல்லாவற்றையும் பேசி முடித்து, நூறு பக்க ஒப்பந்தத்தைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவு அனுப்பிவிட்டு, "நாளைக்கே கையெழுத்தாகவில்லை என்றால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும்" என்பார், வாரியம் தலையாட்டி பொம்மையாகிவிடும். கொள்கை, பட்ஜெட், வரம்புகள், இயக்குநரை நியமித்து மதிப்பிடுவது ஆகியவை வாரியத்தின் வேலை. அந்த வரம்புக்குள் பேரம் பேசி, ஆட்களை நடத்தி, முடிவை நிறைவேற்றுவது இயக்குநரின் வேலை. எந்தத் தொகை வரை இயக்குநர் தானே கையெழுத்துப் போடலாம் என்பதை எழுதி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், அந்த ஆணையம் எப்படி நடக்கிறது என்று முக்கால்வாசி தெரிந்துவிடும். அவசரம் காட்டும் ஒப்பந்தத்துக்கு என் யோசனை, ஒரு கூட்டத்தில் விவாதம், அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று விதியே போட்டுவிடுவது. இரண்டு வாரம் காத்திருக்க முடியாத கம்பெனி இருபது வருடம் இருக்கப்போகிறதா என்ன.

நலன் முரண், அதாவது உறுப்பினரின் சொந்த ஆதாயமும் ஆணையத்தின் பொறுப்பும் மோதுவது, பற்றிப் பேசினால் எல்லோரும் ஊழலை நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அது அவ்வளவு நாடகமாக இருக்காது. இந்த வாரியத்துக்கு வர விரும்புகிறவர்கள் யார்? வங்கிக்காரர், ரியல் எஸ்டேட் தரகர், கட்டுமான ஒப்பந்தக்காரர், கடைத்தெருவில் கட்டடம் வைத்திருப்பவர். அந்த அனுபவம் ஆணையத்துக்குத் தேவை, ஆனால் அவர்கள் தொழிலும் அதே தெருவில்தான். கடன் கேட்டு வரும் கம்பெனிக்கு ஏற்கனவே அந்த வங்கிக்காரரின் வங்கி கடன் கொடுத்திருக்கும், ஆணையம் பணம் கொடுத்தால் வங்கியின் பழைய கடனுக்கும் பாதுகாப்பு கூடும். அவர் ஒரு பைசா தொடவில்லை, ஆனாலும் முரண் முரண்தான். வழக்கமான தவறு, "நான் வாக்களிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் விவாதத்தில் பேசுவது. முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, விவாதம் தொடங்கும் முன் எழுந்து வெளியே போய், போனதைக் குறிப்பில் ஏற்ற வேண்டும். சில மாநிலங்களில் அதுவும் போதாது, ஆணையத்தின் திட்டத்தில் உறுப்பினருக்குப் பண ஆதாயம் இருப்பதே, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, தடை.

ரகசியம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நில விலை பேரம், கம்பெனியின் உள் கணக்கு போன்ற சிலவற்றை மூடிய கூட்டத்தில் பேச மாநிலச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன, அது நியாயமும்கூட. ஆனால் அந்தச் சின்ன ஜன்னலைப் பெரிய கதவாக்கி, கம்பெனி பெயர் முதல் மானியத் தொகை வரை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, கையெழுத்தான பிறகு பத்திரிகைச் செய்தி கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 2017இல் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 முன்மொழிவுகள் போயின, என்ன தருவதாகச் சொன்னோம் என்பதைப் பல நகரங்கள் தங்கள் மக்களுக்கே காட்டவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தத் தலைமையகத்தின் ஒரு பாதியை நியூயார்க்கில் அமைப்பதாக அமேசான் அறிவித்தது, எதிர்ப்பு கிளம்பி 2019 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது.

சரி, இப்போது பணம் கொடுக்கும் இடம். பெரிய சறுக்கல்கள் எல்லாம் இங்கேதான்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி: நாம் இந்தச் சலுகையைக் கொடுக்காவிட்டால் இந்தத் திட்டம் நடக்காதா? நடந்துவிடும் என்றால் கொடுப்பது வெறும் அன்பளிப்பு. இந்தக் கேள்விக்குப் பதிலாக விண்ணப்பதாரர் எழுதிக் கொடுத்த ஒரு வரியை, "உதவியின்றி இத்திட்டம் சாத்தியமில்லை" என்பதை, அப்படியே தீர்மானத்தில் ஒட்டிவிடுவதுதான் நடைமுறை. கம்பெனியின் வரவு செலவுக் கணிப்பை இரு தரப்பையும் சாராத ஒருவர் பார்க்க வேண்டும், அந்தச் செலவை விண்ணப்பக் கட்டணத்திலேயே வாங்கிவிடலாம். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றும் மனநிலை வந்துவிட்டால் எந்தக் கணிப்பும் நன்றாகத்தான் தெரியும்.

ரோட் ஐலண்டில் 2010இல் நடந்தது ஒரு மாநில ஆணையத்தின் கதை, ஆனாலும் நகர ஆணையங்களுக்கு அப்படியே பொருந்தும். அங்கே வேலைவாய்ப்புக்கென்று 12.5 கோடி டாலர் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று உருவாக்கினார்கள். அதில் 7.5 கோடியை ஒரே கம்பெனிக்கு, பேஸ்பால் வீரர் கர்ட் ஷில்லிங் தொடங்கிய 38 ஸ்டூடியோஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கு, ஆணையத்தின் வாரியம் ஒதுக்கியது. 2012இல் அந்த நிறுவனம் ஊழியர்கள் அனைவரையும் அனுப்பிவிட்டுத் திவாலானது, அந்தக் கடனுக்காக வெளியிட்ட பத்திரங்களின் சுமை மாநிலத்தின் தலையில் விழுந்தது. இதைப் பலரும் 'தவறான கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்று படிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். மொத்த நிதியில் அறுபது சதவீதத்தை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று ஒரு வரி விதி முன்பே இருந்திருந்தால், கம்பெனி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சேதம் அளவோடு நின்றிருக்கும். உங்கள் ஆணையத்தின் கடன் நிதியில் ஒரே கடனாளிக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற உச்சவரம்பு இருக்கிறதா?

வாக்குறுதி வாங்கினால் மட்டும் போதாது, அது தவறினால் என்ன என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். விஸ்கான்சினில் ஃபாக்ஸ்கான் 2017இல் சொன்னது 13,000 வேலைகள், 1,000 கோடி டாலர் முதலீடு. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அது 1,454 வேலைகளாகவும் 67.2 கோடி டாலராகவும் சுருங்கியது. மாநிலம் தன் வரிச்சலுகையை வேலை உருவான பிறகே கொடுப்பது என்று வைத்திருந்ததால் பெரும்பகுதி பணம் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் மவுண்ட் பிளசன்ட் போன்ற உள்ளூர் நிர்வாகங்களுக்கு அந்த வசதி கிடையாது, நிலத்துக்கும் சாலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் முன்னாலேயே கடன் வாங்கிச் செலவழித்தாக வேண்டியிருந்தது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் குறைந்தது இவ்வளவு சொத்து மதிப்புக்குக் கம்பெனி வரி கட்டியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்ததுதான் அவர்களுக்குக் கொஞ்சமாவது பிடி. நகர ஆணையம் கொடுப்பது பெரும்பாலும் முன்பணம் மாதிரி, நிலமும் குழாயும் திரும்ப வராது, அதனால் இந்த மாதிரி உத்தரவாதம் மாநிலத்தைவிட நகரத்துக்குத்தான் அதிகம் தேவை.

கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் ஷரத்து எழுதுவதிலும் சோம்பல் உண்டு. 'சுமார் ஐம்பது வேலைகள் உருவாக்க முயற்சிக்கும்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. எத்தனை முழுநேர வேலை, என்ன சம்பளம், எந்தத் தேதிக்குள், எந்த ஆவணத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டும், குறைந்தால் எத்தனை சதவீதம் வட்டியோடு திரும்பத் தர வேண்டும் என்பதெல்லாம் எண்ணாக இருக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த வேலை 'புது வேலை' கணக்கில் சேருமா என்பதையும் எழுதுங்கள், சண்டை அங்கேதான் வரும்.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டிகட்டின் நியூ லண்டனில், நகரத்தின் சார்பாக இயங்கிய ஒரு மேம்பாட்டுக் கழகம் குடியிருப்பவர்களின் வீடுகளைக் கையகப்படுத்தியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2005இல் 5க்கு 4 என்று நகரம் ஜெயித்தது. ஜெயித்து என்ன பயன், திட்டம் நடக்கவில்லை, பக்கத்தில் இருந்த ஃபைசர் நிறுவனம் 2009இல் வெளியேறுவதாக அறிவித்தது, நிலம் வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. கட்டுபவர் கையில் பணம் உறுதியாகாமல் நிலத்தைக் காலி செய்யாதீர்கள். விற்கும்போதும், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் நிலம் ஆணையத்துக்கே திரும்ப வேண்டும் என்று விற்பனைப் பத்திரத்தில் போடுங்கள். மினசோட்டாவில் இதற்குச் சட்டமே ஒரு வருடக் கெடு வைத்திருக்கிறது.

பள்ளிகளையும் மாவட்டத்தையும் கேட்காமல் சொத்து வரியில் அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கைத் திட்டத்துக்குத் திருப்புவது மெதுவாகக் கொல்லும் தவறு. கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 400 மறுமேம்பாட்டு முகமைகள் சொத்து வரியின் வளர்ச்சியைத் தங்கள் பகுதிக்கே வைத்துக்கொண்டு வந்தன. பள்ளிகளுக்குக் குறைந்ததை மாநிலம் ஈடுகட்ட வேண்டியிருந்தது. பட்ஜெட் நெருக்கடி முற்றியதும் மாநிலம் அத்தனையையும் கலைத்துவிட்டது, 2012 பிப்ரவரி 1 முதல் ஒன்றுமே இல்லை. நன்றாக நடந்தவையும் சேர்ந்தே போயின. விட்டுக்கொடுத்த வரியை அரசு அமைப்புகள் ஆண்டு நிதி அறிக்கையில் காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசுக் கணக்கியல் தர வாரியமும் 2015இல் 77ஆம் எண் விதியைக் கொண்டுவந்தது. அந்தக் குறிப்பு ஆடிட் அறிக்கையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

கடைசியாக, கண்காணிப்பு. ரிப்பன் வெட்டும் நாளில் எல்லோரும் வருவார்கள். மூன்றாம் வருடம் சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்க ஒருவரும் இருக்கமாட்டார். இயக்குநர் மாறியிருப்பார், வாரியத்தில் பாதிப் பேர் புதியவர்கள், கம்பெனியும் தானாக வந்து 'எங்களால் முடியவில்லை' என்று சொல்லாது. ஒப்பந்தம் வாரியாக ஒரு பட்டியல் போதும்: கொடுத்த தொகை, வாக்குறுதி, அறிக்கை வர வேண்டிய தேதி, வந்ததா, யார் சரிபார்த்தார். அந்தப் பட்டியல் இயக்குநரின் லேப்டாப்பில் இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் அம்சமாக, புது விண்ணப்பங்களை எடுப்பதற்கு முன்னால், அது வர வேண்டும்.