பயணப் புகைக்கு ஒரு கணக்குப் புத்தகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் ஆபீஸ் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிவேன். அப்புறம் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கும் டிராக்டருக்கும் ஊற்றிய டீசலை எழுதுவேன். மாதக் கடைசியில் மைலேஜ் கிளேம்களைச் சரிபார்ப்பேன். ஊற்றிய எண்ணெயும் ஓடிய தூரமும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்குப் புத்தகத்தை மூட முடியாது.

படிவம் நான்கில் படிக்கும் என் பேத்தி சென்ற ஆண்டு ஒரு பள்ளி வேலையோடு வந்தாள். "தாத்தா, நம்ம வீட்டுப் பயணத்தால ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கரியமில வாயு போகுது?" என்று கேட்டாள். இணையத்தில் இதற்கென்று இலவசக் கணிப்பான்கள் இருக்கின்றன, எண்களைப் போட்டால் விடை வரும் என்றாள். சரி என்று உட்கார்ந்தோம். நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னேன், அவள் தட்டினாள், ஒரு விடை வந்தது. மறுநாள் சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தபோது வேறு தூரங்கள் நினைவுக்கு வந்தன, வேறு விடை வந்தது. கணிப்பான்மேல் தப்பில்லை. அதற்குக் கொடுக்கச் சரியான புத்தகம் எங்களிடம் இல்லை.

அதனால் கணிப்பானைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பக்கத்தில் ஐந்து பத்தி போதும்: தேதி, எங்கிருந்து எங்கே, எதில் போனோம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர். சொந்த வண்டி என்றால் ஆறாவதாக லிட்டர். பெட்ரோல் நிலையத்து ரசீதில் லிட்டர் அச்சாகியிருக்கும். எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று பார்த்துவிட்டு ரசீதைக் கசக்கிப் போட்டுவிடுகிறோம், இந்தக் கணக்குக்கு வேண்டியது லிட்டர்தான்.

வண்டி எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த முறை மறுபடி முழுக்க நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, மீட்டர் எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று பாருங்கள். தோட்டத்து லோரிக்கு இப்படித்தான் பார்ப்போம். கார் விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஈப்போ நெரிசலில் நிற்கும் நேரம் அதில் வராது.

இங்கே ஒரு சிக்கல் வரும். நாம் ஒரு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று பேசுவோம். மைகிளைமேட் என்ற இணையதளத்தில் இருப்பது போன்ற கணிப்பான்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கும். 100ஐ உங்கள் எண்ணால் வகுங்கள். 100 வகுத்தல் 16 என்றால் 6.25. அந்தப் பெட்டியில் 16 என்று போட்டால் உங்கள் சின்ன மைவி கார் லோரிபோல எண்ணெய் குடிப்பதாகக் கணிப்பான் எடுத்துக்கொள்ளும்.

அது தரும் விடையைக் கையாலும் சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. இதைக் கேட்டதும் பேத்தி நம்பவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே, 2.3 கிலோ எங்கிருந்து வரும் என்றாள். நல்ல கேள்வி. பெட்ரோலில் பெரும்பங்கு கரிமம். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கரிமமும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாகிறது. கூடும் எடை காற்றுக்குச் சொந்தமானது. இதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கணக்கில் பிடிப்பு வந்தது. நம் நாட்டு டீசலில் கொஞ்சம் செம்பனை எண்ணெயும் கலந்திருக்கிறது. வீட்டுக் கணக்குக்கு அதைச் சாதாரண டீசலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கப்சாய் மோட்டார் சைக்கிளை வைத்துக் காட்டுகிறேன். தோட்டத்திலிருந்து டவுனுக்கும் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடி வருஷத்துக்கு 4,500 கிலோமீட்டர் வருகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆக 100 லிட்டர், 230 கிலோ. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

காரில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பத்திதான் முக்கியம். இங்கிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 230 கிலோமீட்டர், போய்வர 460. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காரில் இதற்கு 29 லிட்டர் போகும், அதாவது 66 கிலோ. மகன் ஒருவராக ஓட்டிக்கொண்டு போனால் அந்த 66ம் அவன் பேரில். நான்கு பேர் போனால் ஆளுக்குப் பதினாறரைதான். விரைவுப் பேருந்துக்கு ஒரு பயணிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 27 கிராம் என்பது பிரிட்டன் அரசு வெளியிடும் அளவு. அந்தக் கணக்கில் பேருந்தில் போய்வந்தால் 12 கிலோ சொச்சம். நிறைந்த கார் பேருந்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, தனி ஆள் கார் ஐந்து மடங்குக்கும் மேலே நிற்கிறது. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குப் போக எங்கள் வரிசையில் நான்கு வீடு சேர்ந்து வேன் பிடிப்பது வெள்ளியை மிச்சப்படுத்தத்தான். புகையும் அதோடு மிச்சமாகியிருக்கிறது என்று இத்தனை ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டேன்.

ரயிலில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் ஊர் ஸ்டேஷனில் நிற்கும் இ.டி.எஸ். விரைவு ரயில் மின்சாரத்தில் ஓடுவதால் புகையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. ஐரோப்பியக் கணிப்பான்களில் ரயிலுக்கு இருக்கும் எண் அந்த ஊர் மின்சாரத்தை வைத்துப் போட்டது. சுவிட்சர்லாந்து ரயில் பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் ஓடுகிறது, அந்த எண் நமக்குப் பொருந்தாது. ரயில் பயணத்தைத் தூரத்தோடு எழுதி, புகைக் கிலோவை மட்டும் தோராயம் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். தனியாகக் கார் ஓட்டுவதைவிட ரயில் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி விமானம். எங்கள் வீட்டுக் கணக்கைப் புரட்டிப் போட்டது இதுதான்.

ஐக்கிய நாடுகளின் அமைப்புகளில் ஒன்று அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். சுருக்கமாக ஐ.சி.ஏ.ஓ. என்பார்கள், தலைமையகம் கனடாவின் மாண்ட்ரீலில். அவர்கள் நடத்தும் கார்பன் கணிப்பான் இலவசம். தேடுபொறியில் ஐ.சி.ஏ.ஓ. கார்பன் கால்குலேட்டர் என்று தேடினாலே கிடைக்கும். புறப்படும் இடத்தில் கோலாலம்பூர், சேரும் இடத்தில் திருச்சி. விமான டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறி தெரிந்தால் இன்னும் சுலபம்: கோலாலம்பூருக்குக் கே.யு.எல்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., சென்னைக்கு எம்.ஏ.ஏ. பிறகு எந்த வகுப்பு, எத்தனை பயணிகள், ஒருவழியா இருவழியா என்று கேட்கும்.

இருவழி என்று தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பும் பயணத்தையும் தனியாக ஒருமுறை போட்டுவிட்டேன். கணக்கு இரண்டு மடங்காகிவிட்டது. பயணிகள் எண்ணிக்கையை 1 என்றே வையுங்கள்; ஆள் கணக்கை நோட்டில் பெருக்கிக்கொள்ளலாம். 4 என்று போட்டுவிட்டு வந்த விடையை மறுபடி நான்கால் பெருக்குகிற தப்பு சுலபமாக நடக்கும். இடையில் இறங்கி மாறும் பயணம் என்றால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். மேலே ஏறும்போதுதான் விமானம் அதிகம் எரிக்கிறது. ஒரு முறை ஏறி இறங்குவதும் இரண்டு முறை ஏறி இறங்குவதும் ஒன்றல்ல.

இந்தக் கணிப்பான் இரண்டு ஊருக்கும் இடையிலான நேர்த் தூரத்தை எடுத்து, சுற்றிப் போவதற்காகக் கொஞ்சம் கூட்டுகிறது. கோலாலம்பூர்-திருச்சி போன்ற தூரத்துக்கு 100 கிலோமீட்டர் கூட்டும். அப்புறம் அந்தத் தடத்தில் பறக்கும் விமான வகை, எத்தனை இருக்கை நிறைகிறது, எவ்வளவு சரக்கு போகிறது என்பதையெல்லாம் வைத்து எரிபொருளை ஆட்களுக்குப் பிரிக்கிறது. எரிந்த ஒவ்வொரு கிலோ விமான எரிபொருளுக்கும் 3.16 கிலோ வாயு. நீண்ட தூரத்துக்குப் பிசினஸ் வகுப்பு என்று போட்டால் எண் ஏறும், ஏனென்றால் அந்த இருக்கை பிடிக்கும் இடம் அதிகம். என் பழைய ஆபீஸ் மொழியில் சொன்னால், லோரி டீசலை மூட்டைக் கணக்கில் பிரிப்பது மாதிரிதான்.

கையால் சரிபார்க்க ஒரு வழி: விமானப் பயணத்தின் உலகச் சராசரி ஒரு பயணிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 90 கிராம். திருச்சி இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர், போய்வர 5,400. பெருக்கினால் 486 கிலோ. சாதா வகுப்புக்குக் கணிப்பான் இதற்குச் சற்று மேலோ கீழோ காட்டினால் கவலை வேண்டாம். இரண்டு மடங்கு காட்டினால் எங்கோ தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள்.

இப்போது கப்சாய் எண்ணை எடுங்கள். 230. இரண்டு முழு ஆண்டு, வெயிலிலும் மழையிலும் நான் ஓட்டியதெல்லாம் சேர்ந்தும் ஒரு தடவை திருச்சி போய்வருவதற்குச் சமமாக வரவில்லை. எத்தனையோ முறை பக்கத்துக் கடைக்கு மோட்டார் எடுக்காமல் நடந்து, நல்லது செய்ததாக நினைத்திருக்கிறேன். நடந்தது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டுப் புகை பெரிய அளவில் போனது அங்கே அல்ல. நானும் மனைவியும் ஆண்டுக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிறவர்கள். நான்கு டிக்கெட், இரண்டாயிரம் கிலோவை நெருங்குகிறது. அந்தப் பக்கத்தைக் கூட்டி முடித்ததும் வெகுநேரம் பேச்சு வரவில்லை.

இன்னொரு கணிப்பானில் பார்த்தால் அதே பயணத்துக்கு எண் பெரிதாக வரும், பயப்படாதீர்கள். ஐ.சி.ஏ.ஓ. கரியமில வாயுவை மட்டும் கணக்கிடுகிறது. ஜெர்மனியின் அட்மோஸ்ஃபேர், சுவிட்சர்லாந்தின் மைகிளைமேட் இரண்டும் உயரத்தில் விமானம் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும், வானத்தில் நாம் பார்க்கும் அந்த வெள்ளைக் கோட்டின் விளைவையும் சேர்த்துக்கொள்கின்றன. விமானங்களால் ஏறும் வெப்பத்தில் கரியமில வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுதான் என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. என் நோட்டில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது மட்டும் ஒரே கணிப்பானைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதில் கலந்தால் கிராணி வேலையில் இரண்டு தராசில் எடை போட்ட மாதிரி ஆகிவிடும்.

கணக்குப் போட்டு முடிந்ததும் சில தளங்கள் நம் புகைக்கு ஈடாக, வேறு இடத்தில் புகையைக் குறைக்கும் வேலைகளுக்குப் பணம் கட்டச் சொல்லும். கட்டுவது உங்கள் விருப்பம், விடையைப் பார்க்க அது தேவையில்லை. அட்டை எண் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிடலாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்க்க விரும்பினால் கூகுள் ஃபிளைட்ஸில் ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் கிலோ எண் இருக்கும். 2021லிருந்து காட்டுகிறார்கள். ஒரே நாளில் ஒரே ஊருக்குப் போகும் விமானங்களுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். நேராகப் போவது பெரும்பாலும் கீழே நிற்கும்.

இந்த ஆண்டு ஆகஸ்டில் ஊரில் ஒரு கல்யாணம், அக்டோபரில் ஒரு கிரகப்பிரவேசம். இரண்டுக்கும் தனித்தனியாகப் போவதுதான் வழக்கம். மனைவி நோட்டைப் பார்த்துவிட்டு, ஆகஸ்டிலேயே போய் அக்டோபர் வரை தங்கிவிடலாம் என்றாள். தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டோம், மாடி அறையைத் துடைத்து வைக்கிறேன் என்றாள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. எடுத்ததும் தேதி, தூரம், ஆள், கணிப்பானின் பெயர், பார்த்த நாள் எல்லாவற்றையும் தானே எழுதப்போவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். கணிப்பான்களின் அடிப்படை எண்களை அவ்வப்போது புதுப்பிப்பதால் பார்த்த நாள் கட்டாயம் வேண்டுமாம்.