சவர்க்காரம் சரி, வாளிதான் பிழை

வைகாசி வந்தால் வன்னியில் பொங்கலும் அன்னதானமும் ஓயாது. புதிதாகச் சமையலுக்குக் கைகொடுக்க வரும் பிள்ளைகளுக்குச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லித்தரத் தேவையில்லை, அது தெரியும். பிழைப்பது வேறு இடத்தில்.

ஒரு வாளி, ஐம்பது கை

பந்திக்குப் பக்கத்தில் ஒரு வாளி, அதற்குள் ஒரு கோப்பை. முதல் ஆள் அள்ளும்போதே விரல் நுனி தண்ணீரில் முட்டிவிடும். சில இடங்களில் கோப்பையும் இல்லை. பேசினில் வைத்த தண்ணீருக்குள் எல்லாரும் கையை முக்கி எடுப்பார்கள். கிருமியை அழுக்கோடும் எண்ணெயோடும் சேர்த்துத் தோலிலிருந்து கழற்றுவதுதான் சவர்க்காரத்தின் முக்கிய வேலை. கழன்றதை ஓடும் தண்ணீர்தான் கொண்டுபோக வேண்டும். வாளிக்குள் கழுவினால் அது அங்கேயே நின்று அடுத்தவர் கையில் ஏறும். ஒருவருக்கு வயிற்றோட்டமோ செங்கண்மாரியோ இருந்தால் போதும், பந்திக்கே பரவும். சொன்னால், "தண்ணி கலங்கேல்லைத்தானே" என்பார்கள். கலங்கல் மண்ணைத்தான் காட்டும்!

அடியில் குழாய் பூட்டிய, மூடியுள்ள வாளி நல்லது. அது இல்லாவிட்டால் 5 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று எடுங்கள். மூடிக்குக் கீழே நாலு விரல் தள்ளி, சூடாக்கிய ஆணியால் ஒரு துளை போட்டு, துளைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் விடுங்கள். கைபிடிக்குள் தடி செருகி இரண்டு கவர்த்தடிகளில் தொங்கவிடுங்கள். கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுநுனி, நிலத்தில் கிடக்கும் மிதிகட்டைக்கு. மிதித்தால் கான் சாய்ந்து தண்ணீர் மெல்லிய தாரையாக விழும். கை எதையும் தொடாது. துளையை அடியில் போட்டுவிட்டு, ஒழுகுது என்று கானைக் குறை சொல்லாதீர்கள். சவர்க்காரத்தையும் துளைத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் காகம் கொண்டுபோய்விடும்.

நுரை வராத கிணறு

இங்கே பல கிணறுகளில் தண்ணீர் கடினம். கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடும். நுரை வராததால் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு தரம் பூசி, 20 செக்கன் தேயுங்கள். பெருவிரல் அடி, விரல் இடுக்கு, நகத்தடி மறந்துபோகும் இடங்கள். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் நன்றாக நுரைக்கும்.

சனிற்றைசர்

வயல் சேற்றுக்கும் மீன் கொழுப்புக்கும் மேலே பூசினால் வீண். சுத்தமான கைக்கு, அதுவும் 60 வீதத்துக்குக் குறையாத அல்ககோல் உள்ளது மட்டும். வாந்திபேதி தரும் நோரோ வைரசுக்கு அதை நம்ப முடியாது.

வெட்டுப்பட்ட விரல்

தேங்காய் திருவும்போது கிழித்த விரலோடு சோறு பிசையக் கூடாது. புண்ணிலிருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி சோற்றில் பெருகி நஞ்சு விட்டால், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சில மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். புண்ணைக் கட்டி, மேலே கையுறை போடுங்கள். கையுறை இல்லாதவர் அன்றைக்கு விறகு பார்க்கட்டும்.

தோளில் கிடக்கும் துவாய்

அதில் துடைக்காதீர்கள். கையை உதறி, காற்றில் உலர விடுங்கள். ஈரக்கையில் கிருமி இலகுவாக ஒட்டும்.

மோதிரம்

கழற்றுங்கள்.