கச்சேரி கேட்கக் கிளம்பும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் நான் போயிருந்த ராக் கச்சேரியில், மேடையின் இடப்பக்க ஒலிபெருக்கி அடுக்குக்கு முன்னால், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் ஓர் இளைஞர் கண்களை மூடி நின்றிருந்தார். பேஸ் கிதார் ஒலித்தபோதெல்லாம் அவருடைய சட்டை மார்பில் ஒட்டி அதிர்வதை என்னால் பார்க்க முடிந்தது. காதுகளில் எதுவும் இல்லை. 25 ஆண்டுகளுக்கு முன் நானும் அதே இடத்தில் அதே பரவசத்தோடு நின்றவன் என்பதால், இடைவேளையில் அவரிடம் போய், என் பையில் எப்போதும் இருக்கும் இன்னொரு ஜோடிக் காதடைப்பானை நீட்டினேன். அவர் புன்னகையோடு மறுத்துவிட்டார். காதை அடைத்துக்கொண்டால் இசை எப்படிக் கேட்கும் என்று கேட்டார். அந்த வயதில் என்னிடம் யாராவது நீட்டியிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

கர்நாடக இசை, இந்துஸ்தானி, ஜாஸ், மேற்கத்திய செவ்வியல், ராக், மெட்டல் என்று வேறுபாடு பாராமல் கச்சேரிகளுக்குப் போய்வருகிறேன். எல்லா அரங்குகளிலும் புதிதாக வருபவர்கள் நான் செய்த தவறுகளையே செய்வதைப் பார்க்கிறேன். நேரத்துக்கு வர வேண்டும், கைப்பேசியை ஒலியடக்க வேண்டும் என்பன எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓர் இசையின் அளவுகோலால் இன்னோர் இசையை அளப்பது

கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். முதன்முதலாக இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்றில் உட்கார்ந்தபோது, பாட்டு எப்போது தொடங்கும் என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். பாட்டு தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது எனக்குத் தெரியவில்லை. மிக மெதுவான நடையில் பாடப்படும் விளம்பித கயாலில் தாளத்தின் ஒரு சுற்று முடிய ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். உஸ்தாத் அமீர் கான் 14 மாத்திரை (எண்ணிக்கை) கொண்ட ஜூம்ரா தாளத்தை எடுத்துக்கொண்டு, அதை மிக மிக மெதுவாக நடக்கவிட்டுப் பாடியவர். அங்கே சாகித்தியம் ஒன்றிரண்டு வரிகள்தான். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு ராகம் சுரம் சுரமாக மேலேறுவதைத்தான் கேட்க வேண்டும். நான் கீர்த்தனையில் வருவதுபோல் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளையும், பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியையும் எதிர்பார்த்துக்கொண்டு, கண்முன் நடந்துகொண்டிருந்ததைத் தவறவிட்டேன். அன்றிரவு நண்பரிடம் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று தீர்ப்பும் சொன்னேன். அந்தத் தீர்ப்பினால் அடுத்த ஐந்து ஆண்டுகள் அந்த இசையின் பக்கமே போகவில்லை.

ஜாஸ் கேட்க வருபவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலில் வாசிக்கப்படும் மெட்டு முடிந்ததும் பாட்டு முடிந்துவிட்டது என்றும், பிறகு வருவது மனம்போன போக்கு என்றும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் 12 அல்லது 32 அளவைகள் (பார்கள்) கொண்ட ஒரு சுற்று, தனி வாசிப்புகளின் அடியில் மாறாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுற்றை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே கேளுங்கள். சாக்ஸபோன் கலைஞர் எங்கே விலகுகிறார், எங்கே திரும்பி வந்து சேர்கிறார் என்பது தெளிவாகத் தெரியும். மெட்டல் இசையில் குரலை மெட்டாக எண்ணித் தேடுபவர் ஏமாந்துதான் போவார். அங்கே அந்தக் கரகரப்பும் ஒரு வாத்தியம். மெட்டு பெரும்பாலும் கிதாரில் இருக்கிறது.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போவது

கர்நாடகக் கச்சேரியில் பாடகர் கையை நீட்டி, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்காக மிருதங்கத்துக்கு வழிவிட்டதும் வரிசை வரிசையாக எழுந்து போகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். கணக்கு புரியாததுதான் காரணம். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தேவைப்பட்டது பாடகரின் கை தெரியும்படியான ஓர் இருக்கை மட்டுமே. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. அந்தக் கையோடு உங்கள் கையும் சேர்ந்து போடட்டும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும்போது முறைகள் நீளத்தில் குறைந்துகொண்டே வரும், அதுதான் குறைப்பு. இரண்டும் சேர்ந்து, மோரா என்னும் முடிவுக்கு இட்டுச்செல்லும் சொற்கட்டை வாசித்து, கோர்வை என்னும் நிறைவுச் சொற்கட்டை மூன்று முறை வாசிக்கையில், மூன்றாவது முறையின் கடைசிச் சொல் விழும் இடத்தில் பாடகர் விட்ட வரியை மீண்டும் எடுப்பார். முதன்முறையாக என் கை போட்ட தாளமும் அந்த எடுப்பும் ஒன்றாக வந்து சேர்ந்த கணத்தில் உடல் சிலிர்த்தது. அதுவரை எத்தனை தனிகளுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேனோ, அத்தனையையும் எண்ணி வருந்தினேன்.

இசைத்தட்டில் கேட்டதையே மேடையில் எதிர்பார்ப்பது

நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசைதான் அடங்கும். பெரிய வித்துவான்கள் ஒரு ராகத்தின் சாரத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் பிழிந்து கொடுத்தார்கள் என்பது அவர்களுடைய மேதைமை. மேடையில் அதே ராகம் ஒரு மணி நேரம் விரியும்போது நீளம் என்று சலித்துக்கொள்வது நம்முடைய அவசரம்.

வெறுங்காதோடு ஒலிபெருக்கியின் முன் நிற்பது

எல்லாத் தவறுகளிலும் நான் மிக அதிக விலை கொடுத்தது இதற்குத்தான். மற்றவற்றைத் திருத்திக்கொள்ள முடிந்தது. அமீர் கானிடம் பிறகு திரும்பிப் போனேன், தாளம் போடவும் கற்றுக்கொண்டேன். இதைத் திருத்த வழியில்லை.

முதல் ராக் கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது, நண்பர்கள் பேசியது போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. படுத்தபின் இடது காதில் மெல்லிய விசில் ஒன்று ஓயாமல் ஒலித்தது. காலையில் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகவும் ஆனது. அப்படிச் சரியானதுதான் என்னை ஏமாற்றியது. அடுத்த கச்சேரியிலும் அதே இடத்தில் நின்றேன், அதற்கடுத்ததிலும் நின்றேன். ஒரு கச்சேரிக்குப் பிறகு அந்த விசில் மறுநாள் போகவில்லை, மறுவாரம் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. செவித்திறன் பரிசோதனையில் எனக்குக் காட்டிய வரைபடத்தில் கோடு சீராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம்போல் இறங்கியிருந்தது. உரத்த ஒலியால் கெட்ட காதுகளில் காணப்படும் வழக்கமான வடிவம் அது என்று பரிசோதித்தவர் விளக்கினார்.

உட்செவியின் நத்தையெலும்புக்குள் ஒலி அதிர்வை உணர்ந்து நரம்புக்குத் தரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காலையில் கேட்கத் தொடங்கிவிட்டதால் சேதம் இல்லை என்றும் கொள்ள முடியாது. எலிகளை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உரத்த ஒலிக்குப்பின் கேட்கும் திறன் பரிசோதனையில் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், மயிரணுக்களுக்கும் செவி நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது தெரியவந்தது.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கின்படி, 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம்வரை கேட்கலாம். அதற்குமேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. 100 டெசிபலை எட்டும்போது 15 நிமிடம்தான் மிஞ்சுகிறது. 100 டெசிபலில் மூன்று மணி நேரம் நிற்பவர் ஒரு நாளுக்குரிய அளவைப்போல் 12 மடங்கை ஒரே மாலையில் வாங்கிக்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனமும் 2022-இல் இசையரங்குகளுக்கான தரநிலை ஒன்றை வெளியிட்டது. ஒலியின் சராசரி 15 நிமிடக் கணக்கில் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, வந்திருப்பவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தரும் அமைதியான இடம் ஒன்று இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நான் போகும் இடங்களில் இம்மூன்றையும் ஒருசேரப் பார்ப்பது அரிதாகவே இருக்கிறது.

உரத்த ஒலியைப் பெருமையாகக் கருதும் பழக்கம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. தி ஹூ என்ற ராக் குழு 1976-இல் லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் நடத்திய கச்சேரி, உலகிலேயே மிக உரத்த கச்சேரியாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றிருந்தது. செவிச் சேதத்தை ஊக்குவிக்கக் கூடாது என்று பிற்பாடு அந்தப் பிரிவையே கின்னஸ் நூலார் கைவிட்டார்கள். தி ஹூ குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தம் காதுகள் கெட்டதைப் பற்றிப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசி வருகிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹெட்ஃபோனை உரக்க வைத்துக் கேட்டதையும் காரணமாகச் சொல்கிறார். இது ராக் இசைக்கு மட்டும் உரிய நோயும் அன்று. லண்டனின் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-இல் நடந்த ஓர் ஒத்திகையில், பித்தளைக் காற்றுக் கருவிகளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து வாசித்த, வயலினைப் போன்ற வியோலாவின் கலைஞர் ஒருவரின் செவி கெட்டது. 2018-இல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கே ஒலிபெருக்கியே கிடையாது. நம் கர்நாடகக் கச்சேரிகளிலும், இருநூறு பேர் அமரும் சிறிய அரங்கில் வயலினும் மிருதங்கமும் காதைக் குத்தும் அளவுக்கு ஒலியை ஏற்றி வைப்பதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

நான் இழந்தது என்ன என்பதைச் சொன்னால்தான் இந்த எரிச்சல் புரியும். தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் செருகியிருக்கும் சிறு நூலைச் சற்றே நகர்த்தினால், தந்தியின் நாதத்திலிருந்து மேல் சுரங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து வரும். கச்சேரிக்கு முன் திரை மூடியிருக்கையில் அந்தச் சுருதி சேரும் நேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இப்போது அந்த மேல் சுரங்களின் மீது என் விசில் படிந்துவிடுகிறது. ஜாஸ் டிரம் கலைஞர் பிரஷ்ஷால் முரசின் தோலை வட்டமாகத் தேய்க்கும் ஓசை, முன் வரிசையில் உட்கார்ந்தாலும் எனக்குப் பாதிதான் வருகிறது. ராக் கச்சேரியில் தொலைத்ததற்கு மற்ற எல்லாக் கச்சேரிகளிலும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காதடைப்பான் இசையைக் கெடுத்துவிடும் என்று அந்த இளைஞர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. சாதாரண நுரை அடைப்பான் கீழ்ச்சுரங்களைவிட மேல்சுரங்களை அதிகமாக வெட்டுவதால் இசை மங்கலாகத்தான் கேட்கும். இசைக் கலைஞர்களுக்கென்றே வடிகட்டி பொருத்திச் செய்யப்படும் அடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கின்றன. அவற்றை அணிந்தால், ஒலியைக் குறைத்து வைத்ததுபோல் இருக்குமே தவிர இசையின் நிறம் மாறாது. 15 டெசிபல் குறைத்தால், 100 டெசிபல் 85 ஆகி, 15 நிமிடம் எட்டு மணி நேரமாகிறது. நுரை அடைப்பான்தான் கையில் இருக்கிறதென்றால், விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். நுனியில் தொங்குமாறு செருகுவதாலோ, பஞ்சை அடைப்பதாலோ கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு.

நிற்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அரங்கின் நடுவே ஒலியைக் கலந்து சமன்செய்யும் மேசை இருக்கும். அங்கே நிற்பவர் தம் காதுக்குச் சரியாகப் படும்படிதான் ஒலியை அமைக்கிறார் என்பதால், அந்த மேசையை ஒட்டிய இடமே பெரும்பாலும் மிகச் சிறந்தது. முன்வரிசையில் நின்றால் கலைஞரின் முகம் தெரியும். ஆனால் பாடகரின் குரல் தலைக்கு மேலே போய்விட, கிதாரின் பெருக்கியும் டிரம்ஸும்தான் நேரடியாக வந்து தாக்கும்.

தொடக்கக் குழுவைத் தவறவிடுவது

முதன்மைக் கலைஞருக்கு முன் வாசிக்கும் குழு அது. நாளைக்கு நீங்கள் தேடிப் போகப்போகும் குழு அதுவாக இருக்கலாம்.

கைப்பேசியில் பதிவுசெய்வது

வேண்டாம்.

கைதட்டலுக்கு அஞ்சுவதும் அவசரப்படுவதும்

ஜாஸில் ஒவ்வொரு தனி வாசிப்பும் முடிந்ததும் தட்டலாம். சிம்பொனியில் பகுதிகளுக்கு இடையே தட்டுவதில்லை என்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். 1778-இல் பாரிஸில் தம் சிம்பொனி ஒன்று அரங்கேறியபோது, பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே அவையினர் கைதட்டியதை மொசார்ட் தம் தந்தைக்கு மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். ஆகவே தெரியாமல் தட்டிவிட்டவர் கூனிக்குறுக வேண்டியதில்லை. அவரை முறைத்துப் பார்ப்பவர்மீதுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் காத்திருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாய்கோவ்ஸ்கி 1893-இல் அரங்கேற்றிய ஆறாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி பேரிரைச்சலோடு முடியும். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து அரங்கம் தட்டிவிடும். அதற்குப் பிறகுதான் கடைசிப் பகுதி வருகிறது. அது செல்லோக்களிலும் டபுள் பேஸ்களிலும் தேய்ந்து தேய்ந்து, ஒலி நின்றது எப்போது என்றே தெரியாதபடி அடங்குகிறது. சென்ற முறை அதைக் கேட்டபோது, கடைசிச் சில அளவைகளில் வாத்தியங்கள் இறங்க இறங்க, என் இடது காதின் விசில் மேலெழுந்து வந்து நின்றது. நடத்துநரின் கை மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துத்தான் இசை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.