மலையோர வீட்டுக்குத் துப்பாக்கி வாங்குவதாக இருந்தால்

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, அடுத்த புயலுக்குள் ஒரு துப்பாக்கியும் பெட்டி பெட்டியாகத் தோட்டாவும் வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே கடைக்குப் போய்த் துப்பாக்கியைப் பார்ப்பதுதான் முதல் வேலை, இங்கே அது கடைசி வேலை. லைசன்ஸில் எந்த வகை என்று எழுதுகிறார்களோ அதுதான் உங்கள் துப்பாக்கி, எத்தனை என்று எழுதுகிறார்களோ அவ்வளவுதான் உங்கள் தோட்டா. அதனால் லைசன்ஸில் இருந்து ஆரம்பித்துத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், உங்களுக்கு இது தேவையா? 2017 நவம்பர் கடைசியில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து, போஸ்ட் விழுந்து, நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தோம். ரோட்டில் விழுந்த மரத்தை அறுக்க மெஷின் வாள் வைத்திருந்தவன்தான் அன்றைக்கு ராஜா. கிணற்றில் இருந்து தண்ணீர் எடுக்க ஜெனரேட்டர், வயசானவர்களுக்கு மாத்திரை, அடுப்புக்கு விறகு, இதுதான் எல்லாரும் தேடினது. துப்பாக்கியைத் தேடி யாரும் அலைந்ததாக நான் கேள்விப்படவில்லை. 2011 கணக்கெடுப்புப்படி நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ இருப்பவர் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டாம், நல்ல கதவும் டார்ச்சும் போதும்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை, ஆறுகாணி பக்கம் எஸ்டேட்டுக்குள்ளே தனி வீடு, அடுத்த வீட்டுக்கு நடந்தே அரைமணி நேரம், பாலம் மூழ்கினால் போலீஸ் ஜீப் வர முடியாது என்கிற நிலைமையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

காட்டுப்பன்றிக்காக வாங்குகிறேன் என்று சொல்பவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மரச்சீனி (மரவள்ளி) தோட்டத்தை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் களியக்காவிளை தாண்டி நடப்பதை இங்கே நடப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டு, லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவரை வைத்துப் பன்றியைச் சுட வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி காப்புக்காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை மட்டும்தான் சுடலாம், அதுவும் வனத்துறைக்காரர்கள்தான் சுடலாம். உங்கள் தோட்டம், உங்கள் துப்பாக்கி, உங்கள் லைசன்ஸ், எல்லாம் சரிதான், விசையை இழுத்தால் கேஸ் உங்கள் பேரில்தான் வரும்.

சரி, லைசன்ஸ். விண்ணப்பம் கலெக்டருக்குப் போகும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் டாக்டர் சான்றிதழ் வேண்டும், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று வேண்டும், வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். அப்புறம் போலீஸ் விசாரணை. விசாரணைக்கு வருகிறவர் கேட்கப்போவது ஒரே கேள்வி: உங்களுக்கு எதற்கு? "பேரிடருக்குத் தயாராக" என்று எழுதினால் அது எங்கும் நிற்காது. வீடு இருக்கிற இடத்தின் வரைபடம், ஸ்டேஷனுக்கு எத்தனை கிலோமீட்டர், முன்னால் திருட்டோ மிரட்டலோ நடந்திருந்தால் அந்தப் புகாரின் நகல், இப்படிக் கையில் காட்டக்கூடியதாக வையுங்கள். சொத்து குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 1959 ஆயுதச் சட்டமே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதி வாங்கிக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம். லைசன்ஸ் வருவதற்கு முன்னால் யாரிடமும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "காகிதம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் சாமானைக் கொண்டுபோங்கள்" என்று சொல்கிறவன் கள்ளத் துப்பாக்கி விற்கிறான். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருஷம் உள்ளே இருக்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே கதைதான்.

எந்தத் துப்பாக்கி? என் தீர்ப்பு, 12 போர் இரட்டைக்குழல் (போர் என்பது குழலின் துளை அளவு). சட்டமே உங்களை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. பாதுகாப்புக்காகக் கேட்கும் குடிமகனுக்கு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே மரை இல்லாத துப்பாக்கிக்கு லைசன்ஸ் கொடுப்பது பற்றி ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தனியாகவே பேசுகிறது. 9 எம்எம், பாயிண்ட் 303 எல்லாம் தடை செய்யப்பட்ட போர், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பாயிண்ட் 32 ரிவால்வர் கான்பூரில் செய்கிறார்கள், இடுப்பில் வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் குட்டைக் குழலை வைத்துக் குறி தவறாமல் சுட வருஷம் முழுக்கப் பழக வேண்டும். அதற்கான தோட்டாவும் இடமும் நம்மில் பலருக்குக் கிடையாது. பாயிண்ட் 315 ரைஃபிள் இன்னும் மோசம், நம் ஊர் நெருக்கத்துக்கு ஆகவே ஆகாது. குறி தப்பின ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும், ரப்பருக்கு அந்தப் பக்கம் பால் வெட்டுகிறவன் நின்றால் என்ன ஆகும்? 12 போர் தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ரவைகள் சீக்கிரமே வேகம் இழந்துவிடும்.

திருச்சி ஆயுதத் தொழிற்சாலையில் செய்யும், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 12 போர் பம்ப் ஆக்‌ஷனும் உண்டு, அதில் தோட்டா கூடக் கொள்ளும். ஆனாலும் இரட்டைக்குழலை மடக்கிப் பார்த்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று இருட்டிலும் விரலை வைத்துச் சொல்லிவிடலாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதற்கே நான் அதைத்தான் எடுப்பேன். தோளில் வைத்துப் பாருங்கள். கட்டை நீளமாக இருந்தால் அக்குளில் மாட்டும், குள்ளமானவர்கள் கட்டையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். குழலை மட்டும் யாரும் வெட்டக் கூடாது, அது தனிக் குற்றம். இன்னொன்று, 12 போருக்குக் குறியே பார்க்க வேண்டாம், ரவை அறை முழுக்கப் பரவும் என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். ஒரு அறையின் தூரத்தில் ரவை உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும்.

தாத்தா வைத்திருந்த பழைய துப்பாக்கியை உங்கள் பேருக்கு மாற்றுவதாக இருந்தால், சுடுவதற்கு முன் குழலைக் கழற்றி அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். 65 அல்லது இரண்டரை அங்குலம் என்று இருந்தால் அதில் 70 மில்லிமீட்டர் தோட்டா போடக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுவது. 70 தோட்டா குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறைக்குள் சிக்கல் இல்லாமல் போய் உட்காரும், ஏனென்றால் மடித்து வைத்த வாயோடு அது குட்டையாக இருக்கிறது. வெடிக்கும்போது வாய் விரிந்து குழல் குறுகும் இடத்தில் முட்டும், அழுத்தம் எகிறும். குழலின் மேல் அலை அலையாகக் கோலம் போட்டது போல் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்தது. அதைச் சுவரில் மாட்டவும் லைசன்ஸ் வேண்டும், ஆனால் இன்றைய தோட்டாவை அதில் போட்டுச் சுடாதீர்கள். நல்ல துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே எந்தப் பழைய துப்பாக்கியையும் தொடுங்கள்.

இனி தோட்டா. லைசன்ஸில் இரண்டு எண் இருக்கும்: ஒரே நேரத்தில் எத்தனை கையில் வைக்கலாம், ஒரு வருஷத்தில் எத்தனை வாங்கலாம். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பதிவு செய்துதான் தருவார். அதற்கு மேல் சேர்த்து வைக்க வழியில்லை, தேவையும் இல்லை. நான் சொல்வது, அனுமதித்ததில் பாதிக்குக் குறையாமல் கையில் வைத்துக்கொண்டு, மீதியை ரேஞ்சில் சுட்டுப் பழகப் பயன்படுத்துங்கள். பழசை முதலில் சுடுங்கள், புதுசைப் பெட்டியில் வையுங்கள், பெட்டியின் மேல் வாங்கின மாதத்தை எழுதுங்கள். சக்திமான் தோட்டா எங்கும் கிடைக்கிறது, அதுவே போதும். எல்ஜி, எஸ்ஜி போன்ற பெரிய குண்டுத் தோட்டா தொலைவில் இருப்பவனையும் கொல்லும், சுவரையும் துளைக்கும், நெருக்கமான வீடுகள் உள்ள இடத்தில் அதைக் குறைவாகவே வைத்திருங்கள்.

நம் ஊரில் தோட்டாவைக் கெடுப்பது ஈரம். இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை, துலாப்பத்து என்கிற வடகிழக்கு மழை என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு, கடற்கரைப் பக்கமாக இருந்தால் உப்புக்காற்று வேறு. மூடி இறுகின தகர டப்பா அல்லது ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது, இவ்வளவுதான். பித்தளை அடியில் பச்சை பூத்திருந்தாலோ அட்டை உப்பி இருந்தாலோ அது சுடுவதற்கு ஆகாது. வெயிலில் காயவைத்துச் சரிசெய்கிறேன் என்று இறங்காதீர்கள், குளத்திலும் எறியாதீர்கள், கடைக்காரரிடமோ ஸ்டேஷனிலோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் தடவவும் கூடாது, அடியில் இருக்கும் கேப்புக்குள் இறங்கினால் வெடிக்காது.

ரப்பர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். பால் உறையாமல் இருக்க அம்மோனியா வைத்திருப்பீர்கள் அல்லவா, அந்த ஷெட்டில் தோட்டாவை வைக்கவே கூடாது. பித்தளைக்கு அம்மோனியா ஆகாது, ஈரமும் சேர்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் விரிசல் விடும். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்துக் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் இப்படித்தான் விரிசல் விட்டுப் பிளந்தன, குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவாயிற்று. மாட்டுத்தொழுவத்துப் பரணுக்கும் இதே கணக்குதான்.

துப்பாக்கியைத் தோல் உறையிலோ துணி உறையிலோ போட்டு வைப்பது இங்கே துருப்பிடிக்க வைக்கும் வழி, உறை ஈரத்தை இழுத்துக் குழலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். குழலைக் கழற்றி, துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகத் தடவி, சுவரோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரியில் நிற்கவையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு இடத்தில். அவசரத்துக்கு உதவாதே என்பீர்கள், இரண்டு பூட்டைத் திறக்க முப்பது வினாடி ஆகும், அந்த முப்பது வினாடியை உங்கள் கதவு வாங்கித் தர வேண்டும். அதனால் முதலில் கதவில் செலவு செய்யுங்கள்.

வெள்ளத்தில் வீட்டைவிட்டுப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. பள்ளிக்கூடத்து முகாமுக்குத் துப்பாக்கியோடு போக முடியாது, பூட்டிய வீட்டில் விட்டால் தண்ணீரோ திருடனோ எடுத்துக்கொள்வான். எச்சரிக்கை வந்தவுடனே, ரோடு இருக்கும்போதே, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். லைசன்ஸின் நகலும் துப்பாக்கி நம்பரின் போட்டோவும் போனில் இருக்கட்டும். காணாமல் போனால் அன்றைக்கே புகார், "தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்" என்றால் அந்தத் துப்பாக்கி வேறு எங்கோ வெடித்த பிறகு உங்களைத் தேடி வருவார்கள். உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வைப்பதும் குற்றம்தான். உங்கள் லைசன்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு அதைக் கொண்டுபோகவே முடியாது.

தேர்தல் வந்தாலும் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன, கிட்டத்தட்ட மூன்று மாதம். கொடுப்பதற்கு முன் நன்றாக எண்ணெய் விட்டுக் கொடுங்கள், திருப்பி வாங்கும்போது அங்கேயே குழலுக்குள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

லைசன்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். முடிவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே புதுப்பிக்க எழுதிக் கொடுங்கள், காலாவதியான லைசன்ஸோடு வைத்திருந்தால் கள்ளத் துப்பாக்கிக்காரனுக்கும் உங்களுக்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இன்னொருவருக்கும் பெட்டி எங்கே, காகிதம் எங்கே என்று தெரிந்திருக்கட்டும். லைசன்ஸ்காரர் இறந்துபோனால் அந்தத் துப்பாக்கியை மகனே வைத்துக்கொள்ள முடியாது, தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழோடு தன் பேருக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.