பெண்ணையாறு காய்ந்து கிடக்கும்போது செய்யும் தவறுகள்

ஆற்றுக்குள் வண்டியை நிறுத்தாதே, இருட்டில் இறங்காதே என்பதைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

அடியை வைத்துக் கணக்குப் போடுவது

ஐப்பசி பிறந்ததும் வாட்ஸ்அப்பில், பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையின் நிலவரம் சுற்றத் தொடங்கும். ஆற்றுக்குள் பம்பு மோட்டார் வைத்திருப்பவர்கள் நீர்மட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அணையின் முழு மட்டம் 119 அடி. "119 அடிக்கு இன்னும் நாலடி கெடக்கு, மோட்டாரைக் காலையில ஏத்திக்கலாம்." வருஷா வருஷம் இதே பேச்சு; கேட்டாலே எரிச்சல் வருகிறது.

நீர்மட்டம் சொல்வது ஏற்கெனவே சேர்ந்த தண்ணீரை. இனி வரப்போவதைச் சொல்வது நீர்வரத்து. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. சாத்தனூரின் மொத்தக் கொள்ளளவே 7.321 டிஎம்சிதான். ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து திறந்துவிட்டது விநாடிக்கு 1,68,000 கன அடி. வகுத்துப் பாருங்கள்: அந்த வேகத்தில் வரும் தண்ணீர், காலியாகக் கிடக்கும் அணையையே பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடும். கடைசி நாலடி எம்மாத்திரம்?

அடுத்தடுத்த இரண்டு அறிவிப்புக்குள் நீர்வரத்து இரட்டித்திருந்தால் அடியை மறந்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஃபியூஸைப் பிடுங்கி, ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றி, மோட்டாரைக் கரைக்கு மேலே கொண்டுபோய்விட வேண்டும். மோட்டார் போனால் போகட்டும், அதைத் தூக்க ராத்திரியில் இறங்குகிற ஆள்தான் பயம்.

திறப்பு அளவையும் அப்படியே நம்ப முடியாது. துரிஞ்சலாறு என்ற துணையாறு சாத்தனூர் அணைக்குக் கீழேதான் பெண்ணையாற்றில் வந்து சேர்கிறது. அந்தத் தண்ணீர் அணைக் கணக்கில் இருக்காது.

கடலூர் வானத்தைப் பார்ப்பது

பார்க்க வேண்டியது ஆற்றின் மேற்பகுதியில், ஊத்தங்கரை, செங்கம் பக்கத்து மழையை.

"அணை திறக்கல, கெடிலத்துல பயமில்ல"

கெடிலம் கடலூர் வழியாகவே ஓடும் வேறு ஆறு; சாத்தனூர் மதகு திறக்காவிட்டாலும் அதன் பக்கத்து மழையிலேயே அதில் வெள்ளம் வரும்.

முழங்கால் தண்ணீர்தானே

தை 5 ஆற்றுத் திருவிழாவில் குடும்பத்தோடு இறங்குகிறவர்கள் கவனிக்க. மணல் அள்ளிய குழியும், தடுப்பணையை ஒட்டிய பள்ளமும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீர் சமமாகவே நிற்கும். குழியின் விளிம்பு மணல் காலை வைத்ததும் சரிந்து ஆளை உள்ளே இழுக்கும். 2022 ஜூன் 5 அன்று கெடிலத்தில் தடுப்பணை அருகே குளிக்க இறங்கிய 7 பேர் இறந்தார்கள், அதுவும் கோடையில். பெரியவர் ஒருவர் ஆளுயரக் கம்பை முன்னால் ஊன்றி ஊன்றிப் பார்த்த பிறகே பிள்ளைகளை விடுங்கள். போன வருஷம் குளித்த இடம்தானே என்று இறங்கக் கூடாது, ஒரு வெள்ளம் போனால் குழி இடம் மாறியிருக்கும்.