ஊர் வீட்டில் ஃப்ளஷ் மக்கர் செய்தால்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் ஃப்ளஷ் சரியாக வேலை செய்யவில்லையா? பிளம்பரைத் தேடும் முன் ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து, கழிப்பறைக் கோப்பையில் ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள். மளமளவென்று இறங்கினால் கோளாறு ஃப்ளஷ் டேங்கில். விளிம்பு வரை ஏறி நின்று, மெல்ல வடிந்தால் கோளாறு கீழே, குழாயிலோ செப்டிக் டேங்கிலோ. இது தெரியாமல் டேங்க் சாமான் முழுவதையும் மாற்றிவிட்டு, அப்புறமும் தண்ணீர் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

மேலே கோளாறு என்றால் பெரும்பாலும் போர் தண்ணீரின் வேலைதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கேட்கவே வேண்டாம், உப்புத் தண்ணீர். டேங்க் மூடியைத் தூக்கினால் மிதவையிலும் வாஷரிலும் வெள்ளையாகக் கறை படிந்திருக்கும். மிதவை பாதியில் சிக்கிக்கொண்டால் டேங்க் அரைகுறையாகத்தான் நிரம்பும். விரலால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எதையாவது கழற்றுவதென்றால் முதலில் மாடி டேங்க் வால்வை மூடுங்கள். சுவரோரம் இருக்கும் ஆங்கிள் காக் (ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் குட்டி வால்வு) இறுகிப் போயிருந்தால் பலங்கொண்டு திருக வேண்டாம், முறிந்து கையோடு வந்துவிடும். கோப்பை விளிம்பின் உள்பக்கத் துளைகளும் அடைத்திருக்கலாம். வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்க விளிம்புக்கு அடியில் செருகி வைத்துவிட்டு, காலையில் கம்பியால் குத்தினால் பொருக்கு பொருக்காக உதிரும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து மட்டும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வாஷர் வாங்கப் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

கீழே கோளாறு என்றால் மாதத்தைப் பாருங்கள். நம்மில் பலர் டிசம்பர் விடுமுறைக்குத்தான் வருகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்து, வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் நேரம் அது. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி, களிமண் பூமியில் எதை உறிஞ்சும்? பழைய செங்கல் தொட்டியென்றால் வெளித்தண்ணீரே உள்ளே ஊறும். கொல்லைக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கைக்கெட்டும் உயரத்தில் தண்ணீர் நின்றால் லாரி வைத்துக் கழிவை எடுப்பது தண்டச் செலவு, சில நாளிலேயே மறுபடி நிரம்பும். அதுவரை குளிக்கிற, துவைக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்குத் துடைக்கும் ஈரத்தாளைக் கோப்பையில் போடவே கூடாது. அங்கே போட்டுப் பழகியதை இங்கேயும் போட்டுத்தான் பாதி அடைப்பு.

செப்டிக் டேங்க் கழிவை எடுப்பதற்குச் சித்திரை, வைகாசிதான் தோது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும்; ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஊரில் இருக்கும் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லி வையுங்கள். கூடவே செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்தாலும் கோப்பை கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும்.

ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது வந்தால், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும், 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடை செய்கிறது. உறிஞ்சி எடுக்கும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.