மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை

கழுத்துப் பிடிப்பு, இடுப்புவலி, சுளுக்கு, மாதவிடாய் வலி போன்ற சாதாரண வலிகளுக்கு மட்டும்தான் இந்த வழிமுறை.

படி 1: முதலில் ஆபத்தான வலியைப் பிரித்துவிடுங்கள். நெஞ்சுவலி, திடீரென்று உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, முதுகுவலியோடு கால் பலவீனம் அல்லது சிறுநீர் அடக்க முடியாமை: இவற்றில் எது இருந்தாலும் கை வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 2: ஒத்தடம். பலரும் குழம்புவது இங்கேதான். புதிதாகச் சுளுக்கி வீங்கியிருந்தால் குளிர் ஒத்தடம். வீக்கமில்லாமல் தசை இறுகிப் பிடித்திருந்தால் சூடு. ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். முதல் இரண்டு நாளைக்கு இப்படிச் செய்தால் போதும். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நரம்பையும் கொஞ்சம் மரக்க வைக்கும். சூடு தசையைத் தளர்த்தும். மாதவிடாய் வலிக்கும் அடிவயிற்றில் வெந்நீர்ப் பை நன்றாகவே கேட்கும். பையை வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது, அவர்கள் காலில் சூடு வைக்கவே வேண்டாம்.

படி 3: அசையுங்கள். இடுப்பு பிடித்தால் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பது வலியை நீட்டிக்கும். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள், அப்புறம் கொஞ்சம் கூட்டுங்கள். நடக்கும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. நடந்து முடித்த பிறகும் வலி ஏறிக்கொண்டே போனால் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மேல்பூச்சு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கலந்த கிரீம் மூட்டுவலிக்கு உதவும். முதல் சில நாள் எரியும், அது இயல்பு. விடாமல் பூசினால்தான் பலன் தெரியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்! பல்வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் வைக்கலாம். அதிலுள்ள யூஜினால் அந்த இடத்தை மரக்க வைக்கும். விழுங்கக் கூடாது, சிறு குழந்தைகளுக்கு வைக்கவும் கூடாது. சொத்தை அப்படியே இருக்கும் என்பதால் பல் மருத்துவரையும் பாருங்கள்.

படி 5: உள்ளுக்கு. மாதவிடாய் வலிக்கு இஞ்சி ஓரளவு பலன் தருகிறது. வலியைக் குறைக்கும் என்று சொல்லப்படும், மஞ்சளிலிருக்கும் குர்குமின் என்ற பொருளை உடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அதற்காக அடர்த்தியான குர்குமின் மாத்திரைகளை நீங்களாகவே வாங்கி விழுங்குவது என் பார்வையில் வேண்டாத வேலை. அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வலிக்கு மூலிகை மருந்தாக எடுக்கப்படும் வில்லோ மரப்பட்டையும் அப்படித்தான். அதிலுள்ள சாலிசின் ஆஸ்பிரினுக்கு உறவு, ஆகவே ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஆகாது.

இத்தனைக்கும் அடங்கவில்லையா? சரி, மாத்திரை போடுங்கள், தவறில்லை. பாராசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கலாம், சேர்த்துக் கணக்கிடுங்கள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் தலைவலி மாத்திரை தேவைப்படுகிறது என்றால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். அப்போது மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.